நோயாளி இல்லாத நோயாளர் நலச் சங்கம்

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'நோயாளர் நலச் சங்கம்' என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியுமா? அதற்குத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு. நோயாளி மட்டும் கிடையாது.

மாதா மாதம் பி.பி., சுகர் மாத்திரைக்காக வரிசையில் நிற்கும்போது முன்னும் பின்னும் நிற்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பல வருடங்களாக அங்கே வந்துகொண்டிருக்கும் ஒரு அம்மா, "சங்கமா? சந்தா எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். சங்கம் அவர் பெயரால்தான் நடக்கிறது. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இந்தச் சங்கம் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1994-இல் சூரத்தில் பிளேக் பரவியதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சமயத்தில் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் உள்ள பெரிய அரசு மருத்துவமனையில் எலிகள் பெருகிக் கிடந்தன. மாவட்ட ஆட்சியர் ஊர் மக்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மருத்துவமனையையே காலி செய்து சுத்தம் செய்தார். அந்த வேலையிலிருந்துதான், மருத்துவமனையை நடத்துவதில் ஊராருக்கும் பங்கு வேண்டும் என்ற எண்ணத்தில் 'ரோகி கல்யாண் சமிதி' பிறந்தது. 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது அது நாடு முழுக்க வந்தது. நம் மாநிலத்தில் அதற்கு வைத்த பெயர்தான் நோயாளர் நலச் சங்கம். கல்யாண் என்றால் இந்தியில் நலம். நம் ஊரில் நடப்பதோ மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்.

பணமும் இல்லாமல் இல்லை. அந்த இயக்கம் வகுத்த அளவின்படி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்குச் சங்க நிதி 1 லட்சம், பராமரிப்புக்கு 50,000, அவசரத் தேவைக்கு நிபந்தனையில்லா நிதி 25,000. இது போக ஒவ்வொரு கிராமத்துக்கும் கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்றை வைத்து, அதற்கு ஆண்டுக்கு 10,000. பெரிய தொகை இல்லைதான். ஆனால் குடிநீர்த் தொட்டிக்கும் கழிவறைக் கதவுக்கும் மூன்று பெஞ்சுக்கும் அது போதும். எதற்குச் செலவு செய்வது என்று முடிவெடுக்கும் இடத்தில், அந்தப் பெஞ்சில் உட்காரப் போகிறவர் இருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

விதிப்படி மருத்துவ அலுவலர் இருப்பார், மற்ற துறை அலுவலர்கள் இருப்பார்கள், உள்ளாட்சிப் பிரதிநிதி இருப்பார், தொண்டு நிறுவனத்தார், ஊர்ப் பிரமுகர் என்றும் சிலர் இருப்பார்கள். நான் விசாரித்த வரையில் எந்த இடத்திலும், 'இவர் இங்கே மாதா மாதம் மருந்து வாங்குகிறவர், அதனால் உறுப்பினர்' என்று ஒருவரைக்கூடச் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஊர்ப் பிரமுகருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ தனியார் மருத்துவமனைக்குக் காரில் போய்விடுவார்.

முப்பத்தோரு வருடம் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்தவன் நான். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு கூட்டம் நடந்ததா, எழுதப்பட்டதா என்பதைத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினாலே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆறு மாதக் கூட்டங்களும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே அவசரத்தில் இருக்கும். எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியிருக்கும். ஒருவர் கூட மறுத்துப் பேசியிருக்க மாட்டார். உண்மையில் கூடிப் பேசிய கூட்டத்தின் பதிவு அப்படி இருக்காது. அதில் ஒரு சண்டையாவது இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தணிக்கைக்காரனுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே தெரியும்.

"சரி சார், நோயாளியை உட்கார வைத்தால் என்ன சொல்லிவிடப் போகிறார்? அவருக்கு என்ன மருத்துவம் தெரியும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். படித்தவர்கள் பலருடைய எண்ணமும் இதுதான். இதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் சுகர்க்காரர்கள் காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள். ஏனென்றால் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் டவுன் பஸ் அந்த நேரத்துக்குத்தான். அதை விட்டால் பத்தரை மணி. ஆய்வக வேலை தொடங்குவது ஒன்பதுக்கு மேல். எழுபது வயதுக்காரர்கள் இட்லி டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, தலை கிறுகிறுக்க, வேப்பமரத்தடியில் காத்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆய்வகத்தை ஏழரைக்குத் திறந்து, அன்றைக்கு மாலையில் ஊழியரை முன்னதாக அனுப்பினால் விஷயம் முடிந்தது. செலவு ஒரு ரூபாய் கிடையாது. டாக்டருக்கு இது தோன்றாததற்கு அவர் காரணமல்ல. அவர் அந்த பஸ்ஸில் வருவதில்லை.

இரண்டாவது விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. அரசு மருந்துக் கொள்முதலில் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் உருவமும் மாறும். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் மஞ்சள். மருந்து ஒன்றுதான். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், பழையதில் மீதி இருந்ததையும் புதியதையும் வெவ்வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு நாள் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி நினைவு தப்பிவிட்டது. சர்க்கரை அளவு அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. 108 வந்து தூக்கிக்கொண்டு போய், பிழைத்துக்கொண்டார். மருந்து தரமானது. எழுதிக் கொடுத்த டாக்டர் மேல் பிழையில்லை. எடுத்துக் கொடுத்த மருந்தாளுநரும் சரியாகத்தான் கொடுத்தார். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத ஒருவர் மாத்திரையை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார் என்ற உண்மை அவர்கள் யாருடைய பதிவேட்டிலும் இல்லை. அது நோயாளிகளுக்கு மட்டுமே தெரிந்த உண்மை. சங்கத்தில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால், "நிறம் மாறும்போது வாயால் சொல்லிக் கொடுங்கள், பழசைக் கொண்டுவரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். நோய்க்கு மருந்து எது என்று டாக்டருக்குத் தெரியும். அந்த மருந்து வாசலிலிருந்து வாய்க்குள் போகும் வரை உள்ள வழி நோயாளிக்குத் தெரியும். ஒன்று இல்லாமல் மற்றது வேலை செய்யாது.

நம் மாநிலத்தின் பொது சுகாதாரத்தைக் குறைத்துப் பேசுவதற்காக நான் இதை எழுதவில்லை. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்ட பிறகு மருந்துக் கொள்முதலில் நாம் மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டினோம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நம்மைப் போன்றவர்கள் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுவருகிறது. இதெல்லாம் பெரிய காரியங்கள். ஆனால் எல்லாமே மேலிருந்து கீழே வருபவை. கீழிருந்து மேலே ஒரு சொல் போவதற்குத்தான் வழியில்லை. மக்களைத் தேடி மருந்து வருகிறது. மக்களின் கருத்தைத் தேடி யார் வருகிறார்கள்?

"பணம் கட்டாமல் இலவசமாக வாங்கிக்கொண்டு கருத்து வேறா?" என்று கேட்பவர்களும் உண்டு. இவர்களுக்குச் சட்டத்தின் நிலைமையைச் சொல்ல வேண்டும். 1995-இல் இந்திய மருத்துவ சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையேயான வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவ சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. நாம் கொண்டாடிய தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பில், எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அந்தச் சட்டத்துக்கு வெளியே என்றும் சொல்லப்பட்டது. வரி கட்டுகிறோமே என்ற வாதமும் எடுபடவில்லை. ஆக, தனியாரிடம் பணம் கட்டியவர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்து நோயாளி அங்கே போக முடியாது. அப்படியானால் அவர் பேசுவதற்கு அவருடைய மருத்துவமனைக்குள்ளேயே ஓர் இடம் இருப்பது இன்னும் அவசியமாகிறது. அதையும் கொடுக்க மாட்டோம் என்றால் அவர் எங்கேதான் போய்ச் சொல்வார்?

எங்கே சொல்கிறார் என்று நாம் செய்தித்தாளில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சொல்ல இடமில்லாதவர்களின் கோபம் வாசலில் வெடிக்கிறது. அதில் அடி வாங்குவது ராத்திரி டூட்டியில் தனியாக இருக்கும் இளம் டாக்டரும் நர்ஸம்மாவும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அடிப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. சட்டம் தேவைதான். ஆனால் அடித்த பிறகு தண்டிக்க வழி செய்த நாம், அடிக்கும் அளவுக்குக் கோபம் ஏறுவதற்கு முன்பே பேசுவதற்கு வழி செய்தோமா? உறுப்பினர்கள் உண்மையாகவே கூடும் ஒரு சங்கம் டாக்டருக்கும் பாதுகாப்புத்தான்.

"மாவட்டத்திலிருந்து அறிக்கை வாங்குகிறார்கள், புள்ளிவிவரம் எல்லாம் சரியாக இருக்கிறதே" என்பது இன்னொரு பதில். புள்ளிவிவரத்தை நம்பி ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு என்ற ஊரின் அரசு மருத்துவமனை. நிதிக் கணக்கும் இலக்குகளும் திருப்தி என்று சொல்லி 2008-இல் அதற்குத் தன்னாட்சித் தகுதியே கொடுத்தார்கள். அதே காலத்தில் உள்ளே வயதான நோயாளிகள் தண்ணீர் கிடைக்காமலும், அசுத்தத்திலேயே கிடந்தும் அவதிப்பட்டார்கள். உலகத்துக்கு அதைச் சொன்னவர்கள் இறந்துபோனவர்களின் குடும்பத்தார், ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து. பொது விசாரணை நடந்து, 2013-இல் ராபர்ட் ஃபிரான்சிஸ் அறிக்கை 290 பரிந்துரைகளோடு வந்தது. நோயாளிகளின் குரலைக் கேட்க 1974-இல் அங்கே ஊருக்கு ஊர் ஏற்படுத்திய சுகாதார மன்றங்களை 2003-இல்தான் இங்கிலாந்தில் கலைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே அறிக்கை ஒன்று, வார்டு வேறொன்று என்றால், நாம் எதை வைத்து நிம்மதியாக இருக்கிறோம்?

அடுத்த எதிர்ப்பு, இருப்பதிலேயே நியாயமானது: "நோயாளி என்ற பெயரில் கட்சிக்காரர் வந்து உட்கார்ந்துகொள்வார்." உண்மை. வரத்தான் பார்ப்பார்கள். அதற்காக வீட்டுக்குக் கதவே வைக்காமல் இருப்போமா? தாழ்ப்பாள் போட வேண்டும். கடந்த ஓராண்டில் தொடர்ந்து அங்கே சிகிச்சை பெற்றவராக இருக்க வேண்டும், எந்தக் கட்சியிலும் பொறுப்பு வகிக்கக் கூடாது, இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று மூன்று விதி போட்டால் பாதித் தொல்லை போய்விடும். எல்லோர் கண்ணும் பார்க்கக் கணக்கைப் படித்தால் மீதியும் போய்விடும்.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1996-இல் மக்கள் திட்டம் வந்தபோது ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்துகளின் பொறுப்புக்கு வந்துவிட்டன. அங்கே கட்சி இல்லையா? நம்மைவிட அதிகம். இருந்தும் மலப்புரம், கோழிக்கோடு பக்கம் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர்களே தொண்டர்களாகத் திரண்டார்கள். அதன் அடிப்படையில் 2008-இல் வலி நிவாரணச் சிகிச்சைக்கென்று ஒரு மாநிலக் கொள்கையே அறிவித்தார்கள். ஊரார் கையில் கொடுத்தால் கெட்டுப்போகும் என்பவர்கள் ஒரு முறை ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

நம்மிடமும் முயற்சி நடந்திருக்கிறது. 2007 வாக்கில் ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் 9 மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு என்ற முன்னோட்டம் நடந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. கிராம மக்களே தங்கள் ஊர் சுகாதார சேவைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்து அட்டை தயாரித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு புரியும். நல்ல யோசனை. ஆனால் எல்லா ஊருக்கும் பரவிய நிரந்தர வழக்கமாக அது ஆகவில்லை. அண்மை ஆண்டுகளில் தாய்லாந்தைப் பார்த்து மாவட்ட சுகாதாரப் பேரவை என்று கூட்டுகிறார்கள். அதையும் வரவேற்கிறேன். ஆனால் மாவட்டத் தலைநகரில் மண்டபத்தில் நடக்கும் கூட்டத்துக்கு, பத்தரை மணி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அம்மா வர முடியாது. பேரவை மேலே இருக்கட்டும். கீழே உள்ள சங்கத்துக்கு உயிர் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் யாரோ போடும் பிச்சையும் அல்ல. 1978-இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி, தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கு கொள்வது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று ஒப்புக்கொண்டன. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களின் பட்டியலில் 23-ஆவதாக மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் மருந்தகங்களும் இடம்பெற்றன. சட்டத்தில் இடம் இருக்கிறது. இல்லாதது கேட்கிற வாய்.

ஆகவே கேட்க வேண்டியவை இவை.

சங்க உறுப்பினர்களின் பெயரும் அடுத்த கூட்டத் தேதியும் சுகாதார நிலைய வாசலில், கண்ணாடி போடாமலேயே படிக்கும் அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

நீண்ட நாள் நோய்க்கு அங்கே மருந்து வாங்கும் ஒருவர், கடந்த ஆண்டு அங்கே பிரசவமான தாய் ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என்று மூன்று பேரைக் கிராம சபையில் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டத்துக்கு வந்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். அதை ஈடுகட்டப் படி கொடுக்க வேண்டும். கூலிக்காரரை இலவசமாக வரச் சொல்லிவிட்டு, வரவில்லை என்று குறை சொல்லக் கூடாது.

வருடத்துக்கு இரண்டு முறை, ஆகஸ்ட் 15-இலும் ஜனவரி 26-இலும், சங்கத்தின் வரவு செலவைக் கிராம சபையில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பேரூராட்சி, நகராட்சிகளில் பகுதி சபையில் படிக்கலாம்.

எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு குறைக்கும் முப்பது நாளுக்குள் பதில் வேண்டும். 'முடியாது' என்ற பதிலானாலும் சரி, காரணத்தோடு வேண்டும்.

இனி நம்மவர்களுக்கு. அரசு மருத்துவமனையை அதிகம் பயன்படுத்துகிற கூட்டத்தில் நம் வயதுக்காரர்கள் முன்வரிசையில் இருக்கிறோம். நேரமும் நம்மிடம்தான் இருக்கிறது. கோப்பு எழுதவும் படிக்கவும் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தபால்காரர்கள், மின்வாரியக்காரர்கள், கூட்டுறவு வங்கிக்காரர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். டீக்கடையில் மணிக்கணக்கில் அலுத்துக்கொள்ளும் நம்மவர்கள், கிராம சபையில் வாய் திறந்தால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால். அழுவதற்கும் இடம் தெரிந்து அழ வேண்டும்.

அடுத்த கிராம சபைக்குப் போங்கள். மூன்றே கேள்வி. நம் சுகாதார நிலையத்தின் நோயாளர் நலச் சங்கம் கடைசியாக எப்போது கூடியது? உறுப்பினர்கள் யார் யார்? போன வருடப் பணம் எதற்குச் செலவானது? கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். பதில் வரவில்லை என்றால், ஒரு வெள்ளைத் தாளில் இதே மூன்று கேள்வியை எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.

டாக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நர்ஸம்மாவிடம் குரலை உயர்த்த வேண்டாம். அவர்களும் இந்தச் சங்கம் உயிரோடு இருந்தால் தங்களுக்கு வேண்டிய நாற்காலியையும் குளிர்பெட்டியையும் நம்மை வைத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சீக்கிரமே புரிந்துகொள்வார்கள்.

கேட்டவர்கள், கிடைத்த பதிலை எனக்கும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதையும் எழுதுங்கள். எத்தனை ஊரில் சங்கம் கூடுகிறது, எத்தனை ஊரில் புத்தகம் மட்டும் கூடுகிறது என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாம். தணிக்கைக்காரனுக்கு ஓய்வு ஊதியம் உண்டு, ஓய்வு கிடையாது.